இரண்டு ஒயரை மாற்றிப் பார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இருந்த இடத்தை விட்டு நகராமல் நலம். நீ அந்த ஜன்னல் இல்லாத ஆய்வு அறையில் நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். வீடு இரண்டே அறை, எதைப் பேசினாலும் உன் அப்பா காதில் விழும். பக்கவாதத்தில் பேச்சு போய் எட்டு மாதம் ஆனாலும் காது பாம்புக் காது. இடது கையும் கண்ணும்தான் அவருக்கு மிச்சம். கீழே நம் மோட்டார் காயில் கட்டும் கடை பூட்டியே கிடக்கிறது, நான் மாடியை விட்டு இறங்குவது பால் வாங்கும் நேரம்தான், அதற்குள் கட்டிலைத் தட்டிக் கூப்பிடுவார். சில நாள் அவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, பிறகு ஓரமாக நின்று அழுகிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

மாட்டிக்கிட்டேம்மா என்று நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். ஆறு வருஷமாக அந்த அலுமினிய உருளையைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறாய். அதைச் சுற்றியிருக்கும் காயிலில் எழும் மின்காந்த அலையும் சுற்றும், உருளை அதைவிட மெதுவாகச் சுற்றினால் அலையின் சக்தியைத் தின்றுவிடும், முந்திச் சுற்றினால் தன் சக்தியைக் கொடுத்து அலையை வளர்க்கும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தாய். ஆனால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தின்றுகொண்டே இருக்கிறதாம், அது கொடுப்பதைக் காட்டாமல் பேராசிரியர் உன் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டாராம், இந்த மாதத்தோடு விட்டுவிட்டு வந்துவிடவா என்று கேட்டிருந்தாய். வா என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. வந்தால் நீயும் இந்த இரண்டு அறைக்குள் அடைபடுவாயே என்று பயமாகவும் இருக்கிறது.

இதைக் கேள். கவரில் நீ வைத்திருந்த போட்டோவை நாலு நாள் பார்த்தேன், உருளைக்குப் பக்கத்தில் நிற்கும் உன் ஒட்டிய கன்னம்தான் என் கண்ணில் பட்டது. அப்பாவிடம் காட்டினேன். அவர் உன்னைப் பார்க்கவே இல்லை. இடது கையின் இரண்டு விரலை ஒன்றின் குறுக்கே ஒன்று போட்டுக் காட்டினார். திரும்பிப் படுக்க வேண்டும் போல என்று புரட்டிவிட்டேன். முறைத்தார். மறுபடி புரட்டினேன், இன்னும் முறைத்தார். அப்புறம், உருளைமேல் நீ வரைந்திருந்த அம்புக்குறியின் போக்கில் ஒரு பக்கமாக விரலைச் சுற்றினார், காயிலுக்குப் போகும் சிவப்பு, மஞ்சள், நீல ஒயர்களை எதிர்ப்பக்கமாக வரிசையாய்த் தொட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலை ஒரு பக்கம் சுற்றுகிறது, உன் உருளை எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. எதிரே ஓடுகிறவள் எப்படியம்மா முந்துவாள்? மோட்டார் ரிவர்ஸில் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிப் போடு என்பது நம் கடையில் முதல் நாள் பாடம். அந்த இரண்டு விரல் சொன்னது அதைத்தான். படித்தவர்கள் நீங்கள், ஏற்கனவே பார்த்திருப்பீர்கள், சிரிக்காதே. ஆனாலும் ஒரு தரம் மாற்றிப் பார்.

மாற்றிய அன்றே போன் செய், எனக்கு இல்லை, அவர் காதில் வைக்கிறேன். தப்பென்றால் தப்பென்றே சொல், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். இந்த எட்டு மாதத்தில் தண்ணீரையும் தலையணையையும் தவிர அவர் எதையும் கேட்டதில்லை, இப்போது கண் விழித்ததும் போனைக் காட்டிக் கேட்கிறார். வேளாவேளைக்குச் சாப்பிடு. என் கண்ணே, நீ நன்றாக இருப்பாய்.

உன் அம்மா

கீழே இருப்பது கிறுக்கல் இல்லை, அப்பாவின் கையெழுத்து. மேலே எழுதியதை மடித்து மறைத்துவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தேன். கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டே கோடு, அன்று விரலைப் போட்டது போலவே ஒன்றின் குறுக்கே ஒன்று.