தவக்காலத்துக்கு விட்ட மாத்திரை

நாளை சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். நெற்றியில் பூசும் சாம்பலுக்காக இன்று கோயில் முற்றத்தில் போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்தார்கள். அந்தப் புகை பட்டதும் உம் நினைவு வந்துவிட்டது, நண்பரே. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். முன்பின் ஆனால் பொறுத்துக்கொள்ளும்.

எழுபதுகளில், போடிக்கு மேலே மலையில், சாந்தன்பாறையில் நான் எஸ்டேட் பள்ளி வாத்தியார். நீர் ஏலக்காய் ஸ்டோரில் மேஸ்திரி. அடுத்தடுத்த வீடு. பிரசவத்தில் மனைவியையும் பிள்ளையையும் ஒன்றாகப் பறிகொடுத்த பிறகு உமக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. ஏலக்காய் உலரும் அறையின் சூட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர். டிஸ்பென்சரி டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார்.

முதலில் நல்லதாகவே தெரிந்தது. தூங்கினீர், சாப்பிட்டீர். பிறகு ஒன்று போதவில்லை, பகலிலும் வேண்டியிருந்தது. நாக்கு குழறியது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது சிரித்தீர்.

"இது மாத்திரை இல்ல வேய், ரெண்டாந்தாரம். மொத ஆளை மறக்க வைக்கா பாரும்."

அந்த வருடம் நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தபோது, தவக்காலத்து நாற்பது நாளுக்கு யார் எதை விடுவது என்று பேச்சு வந்தது. ஜீப் ஓட்டுகிற சூசை பீடியை விடுவதாகச் சொன்னான்.

"வருசா வருசம் நீ விடுத. அது உன்னைய விட்டாத்தானல?" என்றீர்.

"நீங்க எதை விடுதீய அண்ணாச்சி?"

உம் முகம் மாறியது. "பிரியமானதத்தான விடணும்? எனக்கு இப்ப பிரியம்னு இருக்கது அந்த மாத்திரைதான். இன்னையோட விட்டாச்சு."

எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான். ஆனால் உமக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வேர்த்துக் கொட்டியது. கண் மூடவே இல்லை. "சாத்தான் சோதிக்கான். ஈஸ்டர் வரைக்கும் தாங்கிட்டா செயிச்சிருவேன்" என்றீர். டாக்டரிடம் போகலாமா என்றேன். "போனா அவரு மாத்திரையத்தான குடுப்பாரு?" என்றீர். பிறகு நான் வற்புறுத்தவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை வழிபாட்டில் முழங்காலிட்ட நீர் அப்படியே சரிந்தீர். கைகால் வெட்டி இழுத்தது. யாரோ இரும்புச் சாவிக்கொத்தை உம் கையில் திணித்தார்கள். சூசையின் ஜீப்பில் போடி இறக்கத்தில் போகும்போது மறுபடி மறுபடி இழுத்தது. ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மூச்சு இருந்தது, அவ்வளவுதான்.

என்ன மாத்திரை சாப்பிட்டுவந்தார் என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். சொன்னேன். நீர் அதை விட்ட காரணத்தையும் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"இதை ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வரும் சார். கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும். யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. பொழுது சாயுமுன் நீர் போய்விட்டீர்.

தவக்காலத்தில் போனது பாக்கியம் பெற்ற ஆத்துமா என்று எஸ்டேட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை; மறுத்துச் சொல்லவும் துணிவில்லை.

அதன் பிறகு, தவக்காலத்துக்கு எதையாவது விடப்போவதாக யார் சொன்னாலும், "மருந்து எதையும் இல்லையே?" என்று கேட்டுவிடுகிறேன். வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று சிரிப்பார்கள். சிரிக்காமல் நிற்பவரிடம் மட்டும் மறுபடி கேட்கிறேன்.