முன்தண்டின் இடது தோள்

லோங்வெய் கிராமம்

லானின் அப்பாவுக்கு,

ஹே யிங் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். என் இடது தோள் மட்டும் வீங்கியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பயப்பட ஒன்றுமில்லை. போன இரண்டு கடிதங்களுக்கும் நீங்கள் பதில் போடவில்லை. ஷென்ஜெனில் கட்டட வேலை கையை ஓய விடுவதில்லை என்று லானிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதற்காவது பதில் வேண்டும்.

நம் கோயில் சாமி கடல் ஐயாவின் திருவிழா முந்தாநாள் முடிந்தது. போன வருஷம் பல்லக்கு சாய்ந்து ஐயா தண்ணீரில் விழுந்ததில் தாடி போயிற்றே, புதுசு ஒட்டியிருக்கிறார்கள். முன்னதைவிட நீளம். ஐயாவுக்குத் திடீரென்று வயது கூடிவிட்ட மாதிரி இருக்கிறது.

விழாவுக்கு முன் உங்கள் பெரியப்பா மகன் பாவ் சுங் வீட்டுக்கு வந்தார். பல்லக்கின் முன் இடது தண்டு நம் வீட்டுக்கு உரியது என்றாலும், தூக்க ஆள் இல்லாத வீடு அதை விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம் என்று நியாயம் பேசினார். ஒருமுறை கொடுத்தால் திரும்ப வராது என்பது அவருக்குத் தெரியாதா? தன் மகனுக்காகக் கேட்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் பொறுத்துப் போயிருப்பேன். "குடிச்சுட்டு ஐயாவையே கீழே போட்டவன், மூஞ்சியக் காட்ட முடியாம ஓடிட்டான். அவனுக்கு எதுக்குத் தண்டு?" என்றார். லான் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தூக்குகிறவர்கள் எல்லோரும் குடிக்கிற ஒரு வாய் அரிசிச் சாராயத்தைத்தான் நீங்களும் குடித்தீர்கள். ஒரு வருஷமாக நான் சொல்லாத ஆளில்லை. எங்கே எடுபட்டது?

நேரே கோயில் தலைவர் யூ லினிடம் போனேன். வீட்டுக்கு ஒரு தோள் என்றுதானே வழக்கம், மீசை வைத்தவன் தோள் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அவர் இருமினார், தேநீர் குடித்தார், மறுபடி இருமினார். கடைசியில் ஐயாவையே கேட்டுவிடலாம் என்று, குறி கேட்கப் போடும் மரப்பிறைகள் இரண்டையும் எடுத்தார். முதலில் இரண்டும் மல்லாக்க விழுந்தன. ஐயா சிரிக்கிறார் என்று அர்த்தம். கோயிலில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து சிரித்தார்கள், பாவ் சுங் குரல்தான் பெரிதாகக் கேட்டது. மறுபடி போட்டதில் ஒன்று மல்லாக்க, ஒன்று குப்புற. ஐயாவுக்குச் சம்மதம்.

தண்டு தூக்கும்போது நீங்கள் கட்டுகிற சிவப்புத் துணியை உங்கள் அம்மாவே என் இடுப்பில் கட்டிவிட்டார். "விழுந்தா விழு. தண்ட மட்டும் விட்டுராத" என்றார்.

மணலில் ஓடும்போது பாரம் தெரியவில்லை. ஐயாவின் பாதத்தை நனைக்கத் தண்ணீரில் இறங்கியதும்தான் தண்டு தோளிடம் என்ன கேட்கும் என்று புரிந்தது. எனக்குப் பின்னால் பின்தண்டைத் தூக்கி வந்தவர் பாவ் சுங். "பாத்து நடம்மா, தாடி புதுசு" என்று காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். இடுப்பளவு ஆழத்தில், புது அலைதடுப்புச் சுவருக்கு நேரே, நீங்கள் விழுந்த அதே இடத்தில், என் காலுக்குக் கீழே மண்ணே இல்லை. வாய் நிறைய உப்புத் தண்ணீர். தண்டு வழுக்கியது. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். பின்னால் பாவ் சுங் அதே குழியில் கழுத்துவரை இறங்கிவிட்டார். வலப்பக்கத்தார் பல்லைக் கடித்துப் பிடித்தார்கள். குழியின் ஓரத்தில் எப்படியோ ஒரு காலை ஊன்றி எழுந்தேன். தண்டு தோளுக்கு ஏறியது. பெரிய அலை ஒன்று வந்து ஐயாவின் பாதத்தை நனைத்துவிட்டுப் போயிற்று. கரையில் கிளம்பிய சத்தம் உங்களுக்கே கேட்டிருக்க வேண்டும்!

கரையேறியதும் பாவ் சுங் மணலைத் துப்பிவிட்டு ஊர் முன்னால் உங்கள் பேரை எடுத்துச் சொன்னார்: "சுவரு கட்டினதுலேருந்து கடல் அந்த எடத்தத் தோண்டிப் போட்டிருக்கு. தியென் கூய் குடிச்சு விழல. யாரா இருந்தாலும் அங்க விழத்தான் செய்வான்." பிறகு என்னைப் பார்த்து, "நீ விழலியே" என்றார். போன வருஷம் எல்லோரும் ஐயாவைத் தூக்கத்தான் ஓடினார்கள். உங்கள் காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்?

விருந்தில் வாத்துக் கறியின் முதல் தட்டு நம் வீட்டுக்குத்தான் வந்தது. லான் தின்றதைவிடப் பேசியது அதிகம். இப்போது தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறாள். நான்கூட அப்படித்தான் நடக்கிறேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதுவதாகப் பாவ் சுங் சொன்னார். எழுதமாட்டார், கூச்சப்படுவார். எனக்கு உங்கள்மேல் கோபம் உண்டு. விழுந்ததற்கு இல்லை. என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறினதற்கு. தலை குனிந்து வரவேண்டிய ஊர் இல்லை இனி இது. தண்டு நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் அடுத்த வருஷம் அது உங்கள் தோளுக்கா, என் தோளுக்கா என்பதை இங்கே வந்து என்னிடம் கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்டால் தரமாட்டேன்.

கடல் ஐயா உங்களைப் பத்திரமாக வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
ஹே யிங்