படகின் முன்பக்கம் ஒரு கல்

அக்டோபர் 3

படகின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு,

நீ நம் வீட்டை விட்டு டுலூத் நகரத்துக்குப் போன இந்த இரண்டு வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. பயப்படாதே, திரும்பி வா என்று கேட்கப்போவதில்லை.

நாளைக் காலை ஏரிக்குப் போகிறேன். வடகரையில், அக்கம்பக்கம் யாரும் இல்லாத நம் பழைய இடத்தில்தான் கூடாரம். நீ இல்லாமல் படகு மூக்கைத் தூக்கிக்கொள்கிறது. அதனால் உன் இடத்தில் ஒரு பாறாங்கல்லை வைத்திருக்கிறேன். "இந்தக் கல்லு உன்னைத் திட்டாது, நிம்மதியாப் போயிட்டு வா" என்று ஏரிக்கரைக் கடைக்கார ஐலி சிரித்தாள்.

தனியாகப் போகிறவன் திரும்பும் நாளை யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமே. சீட்டை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"என்கிட்ட எதுக்குக் குடுக்கிற? நீ வரலைன்னா யாருக்குத் தூக்கம் போகுமோ, அவங்ககிட்ட குடு."

காபி ஆறும்வரை யோசித்தேன்.

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை. இருட்டுவதற்குள் ஐலி கடையிலிருந்து உனக்குப் போன் செய்வேன். நீ எடுக்க வேண்டாம். மூன்று தடவை மணி அடித்து நின்றால் நான் கரையேறிவிட்டேன் என்று அர்த்தம். அடிக்காவிட்டால் ஷெரிஃப் ஆபீசுக்குச் சொல், தேட ஆள் அனுப்புவார்கள். சொல்ல மனமில்லையென்றால் அதுவும் போகட்டும்.

அன்று சாயங்காலம் மட்டும் வீட்டில் இரு.

இன்னமும் பின்னால் உட்கார்ந்தே
துடுப்புப் போடுகிறவன்