வெறுங்காலோடு பார்த்த மெட்ராஸ்

நம் தெருமுனைக் கோவில் மண்டபத்தில் மராமத்து நடக்கிறது. பழைய முறைப்படிதான் பூசவேண்டும் என்று, சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டு அரைக்கிறார்கள். இன்று காலை விளக்குப் போடப் போன நான், அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸில், வெள்ளைக்காரன் காலத்துத் தூண் ஒன்றைத் தடவிக்கொண்டு நீ நின்றது கண்ணுக்குள் வந்தது. திரும்பி வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இருபது வருஷம் துணி மடித்தவர்கள் நாம். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறுவோம். நான் பெருமாளைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவேன். நீ கர்த்தரை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சும்மா வருவாய். "உன் சாமிக்குக் காது வலிக்காதாட்டி" என்று மட்டும் கேட்பாய்.

உனக்கு வயிற்றில் கட்டி என்று மதுரையில் சொல்லி, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் உன் மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதனால் நான் உன்னோடு வந்தேன். சனிக்கிழமை டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணினால் நம்பிக்கை இருக்கு. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடந்தது.

அன்று காலை லாட்ஜ் வாசலில் ஒரு காலேஜ் பெண் மஞ்சள் குடையோடு ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பழைய வெள்ளைக்காரன் கட்டடங்களை நடந்தே போய்ப் பார்ப்பதாம், தமிழிலேயே விளக்கிச் சொல்வாளாம். நான் வேண்டாம் என்றேன். நீ சேலையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாய். "வெறும் ஆஸ்பத்திரிய மட்டும் பாத்துட்டுப் போனா மெட்ராஸ் பாத்தேன்னு எப்படிச் சொல்றது? செத்த நேரம் நடப்போம். முடியலன்னா உக்காந்துக்கிடுதேன்."

சிவப்பாக, கோபுரமும் கலசமுமாக ஒரு கட்டடம் வந்தது. என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. படியடியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலம் வருவதுதான் முறை என்று இடது பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டேன். கூட்டம் நின்று பார்த்தது. குடைக்காரப் பெண் ஓடி வந்தாள்.

"அம்மா, இது கோவில் இல்ல. கோர்ட்டு."

யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. நீ உன் செருப்பையும் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"கோர்ட்டுக்கு இன்னும் பயந்துல்ல போணும். எங்க ஊர்ல அப்படித்தாம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாய். பிறகு என் காதில், "ஒருத்தி வெறுங்காலோட போனா கிறுக்கி. ரெண்டு பேரு போனா வழக்கம்" என்றாய்.

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கோட்டை வரைக்கும் அப்படியே நடந்தோம். உள்ளங்கால் சுட்டது. உன் வயிறு வலித்திருக்கும், நீ காட்டிக்கொள்ளவில்லை. கோட்டைக்குள் இருந்த பழைய கோவிலில், உன் கர்த்தரின் கோவிலில், பளபளவென்று இருந்த தூணைத் தடவினாய். "இது சலவைக்கல் இல்லம்மா, சுண்ணாம்பு. அரைச்சு அரைச்சுத் தேய்ச்சது" என்றாள் குடைக்காரி. சுவர் முழுக்கப் பெயர் வெட்டிய கற்கள். அதில் ஒன்றை வாசித்துத் தமிழில் சொன்னாள். கப்பலேறி வந்த ஒரு சின்னப் பெண், வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாளாம்.

"சாகயில பக்கத்துல யாரும்மா இருந்தா?" என்று நீ கேட்டாய்.

"அது கல்லுல இல்லம்மா."

கூட்டம் நகர்ந்தது. நீ பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"ஏட்டி, நாளைக்கு நான் கையெழுத்துப் போடல. என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு."

நான் எம்புட்டோ பேசினேன். பெருமாளுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறேன் என்றேன். "உன் மொட்டைத் தலையப் பாக்கவா நான் வயித்தக் கிழிச்சுக்கிடணும்" என்றாய். நான் அழுதேன். நீ சிரிப்பதை நிறுத்தினாய்.

"இருவது வருசம் ஊரு ரத்தத்துக்கெல்லாம் துணி மடிச்சாச்சு. அது என் மேல வேண்டாம். பேரனப் பாத்துட்டு, நம்ம ஊர்ல, தெரிஞ்ச மொகத்துக்கு நடுவுல கெடக்கேன். மககிட்ட மட்டும் டாக்டரே வேண்டாம்னுட்டாருன்னு சொல்லிரு. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சாமி கும்புடுதவ, நீ சொன்னா நம்புவா."

திங்கட்கிழமை ரயிலில் உன் தலை என் தோளில் கிடந்தது. மதுரை வருவதற்குள் போனில் உன் மகளிடம் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டேன். தடுமாறாமல்தான் சொன்னேன். அதன் பிறகு பதினோரு மாதம் இருந்தாய். பேரன் உன் மடியில் தவழ்ந்தான். கடைசி வாரம் வலியில் நீ துடித்தபோது, உன்னைக் கையெழுத்துப் போட வைத்திருக்கலாமோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் உன் நினைவு ஜெபத்துக்கு மகள் வந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரே கைவிட்ட பொறவும் நீங்க அம்மாவக் கைவிடல சித்தி. டாக்டர் அப்படிச் சொல்லலன்னா, ஆபரேஷன் செய்யாம விட்டுட்டோமேன்னு நான் செத்திருப்பேன்."

எனக்கு வாய் எப்போதும் ஓயாது என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கோ, பேரனுக்கு முறுக்கு எடுத்து வரும் சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தினமும் பெருமாள் முன்னால் நிற்கும்போது என் தப்புகளையெல்லாம் வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் எரிந்து விழுந்தது, விரத நாளில் வாய் தவறித் தின்றது, எல்லாம் சொல்கிறேன். உன் மகளிடம் சொன்ன பொய்யை மட்டும் சொல்வதில்லை. மன்னிப்புக் கேட்டால் உன்னை ஊருக்குக் கூட்டி வந்ததே தப்பு என்று ஆகிவிடும். தப்புதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும் வரைக்கும் அது எனக்குள்ளேயே இருக்கட்டும்.