காப்புக் கட்டிய கை

கொட்டகலை
12.01.2025

அன்பு மருமகன் கஜேந்திரனுக்கு அழகுமுத்து மாமா எழுதுவது.

நீ இப்படிக் கேட்டு எழுதுவாய் என்று எனக்கு முன்பே தெரியும். "கொழும்புல கூட்டாளி வினோஜனோட இருக்கான்" என்று உன் அம்மா சொன்னபோதே எல்லாவற்றையும் கணித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றது பள்ளிக்கூடம்தான், மூளை இல்லை.

ஆணை விரும்பிய ஆண்கள் அந்தக் காலத்தில் என்ன பாடுபட்டார்கள் என்று அங்கே இளசுகளுக்குச் சொல்லப்போகிறீர்களாமே. அதை என்னை விட்டால் யாரிடம் கேட்பது?

எண்பத்தாறாம் வருஷம், நம் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்து. நல்லமுத்து மன்மதன். மூக்கன் சேலை கட்டி ரதி. கூத்தில்லாத நாளிலும் இருவரும் லயத்து வீடுகளில் ஒரே காம்பரா அறையில்தான் குடித்தனம். பொறுக்காத கங்காணி போலீஸைக் கூட்டி வந்தான். இருவர் கையிலும் கூத்துக்குக் கட்டிய காப்பு! காப்புக் கட்டியவன் கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாதே. லயமே வெளியே வந்து ரோட்டை மறித்தது. பெண்கள் கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நான். "காப்புக் கட்டுன கையத் தொட்டுப் பாருங்கய்யா!" என்றேன். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி எனக்குச் சலூட் அடித்துவிட்டுப் போனான்.

இப்படிக்கு,
மாமா

*

கொழும்பு
02.02.2025

அன்புள்ள மாமா,

தொப்பியைக் கழற்றிவிட்டுச் சலூட்டா? கொஞ்சம் குறைச்சுக்கோங்க! ஆனாலும் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ராகலைத் தோட்டத்துப் பிள்ளை சுலக்ஷனா, "நம்ம தோட்டத்துலயா? நெசமாவா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். இதுவரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வெளிநாட்டுக் கதைகள். இங்கே சட்டம் இன்னும் எங்களைக் குற்றவாளிகள் என்கிறது. நம் சனம் ஒருநாள் மறித்து நின்றதென்றால் சும்மாவா?

இந்த மாசிக் கூத்தில் அப்பா என்னை மன்மதனாக ஆடச் சொல்கிறார். வினோஜனோடு வருகிறேன். கையில் காப்பு ஏறியதும் எங்களைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிடுவேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்.

அன்புடன்,
கஜேந்திரன்

*

கொட்டகலை
10.02.2025

அன்பு மருமகனுக்கு,

இந்த வருஷம் வேண்டாமப்பா. ஒரே மழை. உன் அப்பாவுக்குச் சீனி வியாதியும் கூடிவிட்டது. போனில் விளக்கலாமென்றால் பக்கத்திலேயே நிற்கிறார். அடுத்த வருஷம் நானே பேசிச் சரிக்கட்டுகிறேன். என் பேச்சுக்கு அவர் எதிர்ப்பேச்சு பேசியதே இல்லை.

மாமா

*

கொழும்பு
17.02.2025

மாமா,

போலீஸையே மறிச்ச ஆளு நீங்க, அப்பாவுக்குப் போய் பயப்படுறீங்களே! ரயில் டிக்கெட் எடுத்தாச்சு.

கஜேந்திரன்

*

கொட்டகலை
05.03.2025

கஜேந்திரா,

உன் போன் வேலை செய்யவில்லை. வினோஜனின் நெற்றிக் காயம் ஆறுகிறதா? மருந்து கட்டினாயா?

நீ சொல்லி முடித்ததும் உன் அப்பா முதலில் காப்பைத்தான் அறுத்தார். அதற்குப் பிறகுதானே உங்களை எல்லைக்கு அப்பால் தள்ள முடியும். அப்போது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். கால் நகரவில்லை.

இப்படி நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். வாழ்க்கையில் நிஜமாகவே தெரிந்திருந்தது இந்த ஒன்றுதான்.

சுலக்ஷனாவிடம் சொல்லிவிடு. மூக்கனும் நல்லமுத்தும் இருந்தது உண்மை. காப்பும் உண்மை. அதை அறுத்து இருவரையும் போலீஸிடம் பிடித்துக் கொடுத்தது நம் ஆட்கள். லயமே வெளியே வந்ததும் உண்மைதான்.

மறிக்கத்தான் யாரும் வரவில்லை. மறித்த கதை மட்டும் நான் கட்டியது.

மாமா