நீப்பினுக்கு ஒரு பாய்மரம்

சஸ்காட்சவான் ஆற்றங்கரை
2 ஜூன் 1797

அன்புள்ள இங்கா அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். பீவர் என்னும் நீர்விலங்கின் தோல் மூட்டைகளோடு ஆற்றுவழியே கடல் துறைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறோம். நேற்று படகோட்டிகள் ஓர் உயரமான மரத்தில் ஏறி, உச்சிக் கொத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். மரமே இல்லாத தீவில் பிறந்தவன் அல்லவா, எனக்குப் பதறிவிட்டது.

"நல்ல மரத்தை ஏன்டா பாழாக்குறீங்க?" என்று சண்டைக்கே போனேன்.

"யோவ், உனக்கு மரியாதை பண்றோம்யா! இனிமே இது ஆலிவர் மரம். பேர் வாங்கினவன்தான் எல்லாருக்கும் ஊத்தணும்" என்று சிரித்தார்கள். என் பங்கு ரம் முழுதும் போயிற்று.

1800இல் தோல் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன். அதுவரை அப்பாவைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஆலிவர்

ஸ்ட்ரோம்னஸ்
20 ஜூன் 1798

என் தம்பி ஆலிவருக்கு,

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. டேவி என்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறான். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளையாக வரமாட்டானாம், ரோஷக்காரன். அப்பாவைத் தனியே விட்டு நான் எப்படிப் போவேன்? நீ வந்தால்தான் என் கல்யாணம். சொன்ன சொல் தவறாதே.

இங்கா

சஸ்காட்சவான் ஆற்றங்கரை
5 ஜூன் 1799

அன்புள்ள அக்கா,

போன குளிர்காலத்தில், உறைந்த ஆற்றின்மேல் தனியாக வரும்போது பனிப்புயலில் வழி தவறினேன். உச்சிக் கொத்து மட்டும் நிற்கும் என் மரம் கண்ணில் பட்டது. அதனடியில் விழுந்துவிட்டேன். அருகே கூடாரமடித்திருந்த க்ரீ பழங்குடிப் பெண் நீப்பின், அன்று என் மரச் சண்டையை வேடிக்கை பார்த்தவள், நான் வந்து சேராததால் தேடி வந்து இழுத்துப் போனாள். விறைத்த என் கால்களைத் தன் வயிற்றில் வைத்துச் சூடேற்றினாள். இரண்டு விரல் போனது, உயிர் நின்றது.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றேன்.

"அந்த மரத்துக்காக அவ்வளவு சண்டை போட்டவன் வேற எங்க போவே?" என்றாள்.

அவர்கள் வழக்கப்படி அவளை மணந்துவிட்டேன். ஊருக்கு வரும் கப்பலில் அவளுக்கு இடம் தரமாட்டார்கள். அடுத்த வருடம் துறைக்கு வருவேன். என்னை ஏற்ற வரும் கப்பலிலேயே உன் பதிலும் வரும். "வா" என்றிருந்தால் ஏறிவிடுவேன், அக்கா. உனக்குக் கொடுத்த வாக்கு.

ஆலிவர்

ஸ்ட்ரோம்னஸ்
18 ஜூன் 1800

ஆலிவர்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் மாவுப் பானைக்கு அடியில் திணித்து வைத்திருந்தேன். அத்தனை கோபம். நாலாம் நாள் டேவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"தன் வயித்துல காலை வச்சுக் காப்பாத்தியிருக்கா. அவளை விட்டுட்டு வான்னு எழுதப்போறியா நீ?" என்றான். மறுநாளே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டான். பிப்ரவரியில் எங்கள் கல்யாணம் நடந்தது.

இங்கே வெட்ட மரம் ஏது? கரையொதுங்கிய உடைந்த பாய்மரம் ஒன்றைக் குன்றின்மேல் நட்டோம். அதன் பெயர் நீப்பின் மரம். பெயர் வாங்கியவள் தூரத்தில் இருப்பதால் அவள் சார்பில் அப்பாவே எல்லோருக்கும் ஊற்றினார். கண் தெரியாமல் பாதி தரையில்.

"எம் புள்ளையக் காப்பாத்தின மகராசி நல்லா இருக்கணும்" என்று அந்தக் கட்டையைத் தடவித் தடவி அழுதார். நானும் அழுதேன். அவளுக்கு என் நன்றியைச் சொல். கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன், அவளுக்கு இரண்டு ஜோடி, உனக்கு ஒன்று.

துறையில் நின்று இதைப் படித்துக்கொண்டிருப்பாய். இதைக் கொண்டுவரும் கப்பலின் கேப்டனிடம், திரும்பும்போது உனக்கு இடம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். படகைத் திருப்பு. அவள் காத்திருப்பாள்.

உன் அக்கா,
இங்கா