கண்ணாடி சேர்க்காத அகலம்

எதையும் அளந்து பார்க்காம வாசல்படி ஏத்தாத என் அத்தானுக்கு,

நம்ம சங்கத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் உங்க முதல் திதி. நல்ல உழைப்பாளி, மட்டாஞ்சேரியில அவர் குழாய் போடாத வீடு இல்லை, யார் கூப்பிட்டாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஓடுவார்ன்னு எழுதிக் கொடுத்தா வேலை முடிஞ்சது. எல்லாம் உண்மைதான். ஆனா உட்கார்ந்தா கை ஓட மாட்டேங்குது. அதனால உங்களுக்கே எழுதறேன். மத்தவங்களும் வாசிக்கட்டும், அவங்களுக்கும் தெரிய வேண்டியதுதான்.

வீட்டு விசேஷத்தை முதல்ல சொல்லிடறேன். உங்க பொண்ணு மீனு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. வைட்டிலாவில இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கணும், பாவம். என் பசங்க ரெண்டு பேரும் பனை மாதிரி வளர்ந்துட்டாங்க. நம்ம சந்து ஹம்சா இக்கா வீட்டு மதிலுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சாச்சு. அதுக்கு எதிர்ல அந்த கரண்ட் போஸ்ட் மட்டும் இருந்த இடத்துலயே நிக்குது. அக்கா இருக்கா. அவளைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

நாம கார் வாங்கின கதை உங்களுக்குத் தெரியும், வாசிக்கறவங்களுக்குத் தெரியாது. ஒரே சந்துல நாலு வீடு தள்ளி ரெண்டு குடும்பம். உங்க வீட்டுல மூணு பேர், என் வீட்டுல நாலு பேர். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டியா வாங்கலாம்ன்னு ஆரம்பிச்சது நான்தான். உங்களுக்குக் கார்ன்னா மழையில நனையக் கூடாது, அக்கா முட்டி வலிக்கு ஏறி இறங்கத் தோதா இருக்கணும், அவ்வளவுதான். எனக்கு அப்படியா? ஆறு மாசம் போன்ல ரிவ்யூவாப் பார்த்துத் தள்ளினேன். தரைக்கும் வண்டி வயித்துக்கும் எத்தனை உயரம், டிக்கியில எத்தனை பெட்டி கொள்ளும், டீசலா பெட்ரோலா, பின் சீட்டுக்கு ஏசி காத்து வருமான்னு மிளகு கோடவுன்ல எடை பார்க்கற நேரத்துலயும் இதே பேச்சு. கூட வேலை பார்க்கறவங்க என்னைக் கண்டாலே சாயா குடிக்க எழுந்து போயிடுவாங்க.

நீங்க கை காட்டினது ஒரு சின்ன வண்டி. அதுலயும் பின்னாடி மடக்கி விரிக்கற சீட் இருந்தது, இடிச்சுப் பிடிச்சு ஏழு பேர் அடங்கிடுவோம். எனக்கு அது மண்டையில ஏறலை. மலை ஏறாது, ஹைவேயில பக்கத்துல லாரி போனா ஆடும்ன்னு நூறு நொட்டை சொன்னேன். கடைசியா ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில சந்துக்குள்ள தண்ணி ஏறும், நாளைக்கு ஒரு அவசரம்ன்னா தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போக உசரமான வண்டிதான் வேணும்ன்னு. யாருக்கு அவசரம்ன்னு அப்போ யோசிக்கலை.

ஷோரூம்ல நான் ஆசைப்பட்ட அந்தப் பெரிய வண்டியோட மூணாவது வரிசையில நீங்களே ஏறி உட்கார்ந்து பார்த்தீங்க. முட்டி மோவாயைத் தொட்டது. "இது மனுஷன் உட்கார்ற இடமா, மீன் கூடை வைக்கற இடமாடா?"ன்னு கேட்டீங்க. விக்கற பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அதுக்குள்ள உங்களுக்கு ஒரு போன் வந்தது, எங்கயோ ஹோட்டல்ல குழாய் வெடிச்சிருக்கு. நீங்க வெளியே போய்ப் பேசிக்கிட்டு நின்னீங்க.

அந்த நேரத்துலதான் அது நடந்தது, அத்தான். சந்து சின்னதுன்னு நான் சொன்னதும் அந்தப் பொண்ணு விளம்பரப் புத்தகத்தைத் திறந்து, அகலம் போட்டிருக்கற இடத்துல விரலை வச்சா. சேட்டா, இது பக்கத்துக் கண்ணாடி ரெண்டையும் சேர்க்காத அளவு, மடக்கினாலும் கொஞ்சம் வெளியே நிக்கும், வழி இடுக்கமா இருந்தா அதையும் கூட்டிப் பார்த்துக்கோங்கன்னு மலையாளத்துல தெளிவாச் சொன்னா. கீழே பொடி எழுத்துலயும் அதுவே இருந்தது. நான் தலையாட்டிட்டுப் புத்தகத்தை மடிச்சு சட்டைப் பையில வச்சேன்.

சாயங்காலம் நீங்க வாசல்ல ரம்பத்தோட உட்கார்ந்துட்டீங்க. அது உங்க வழக்கம். அலமாரியோ கட்டிலோ ஃபிரிட்ஜோ, கடையில அளவு கேட்டு, அந்த நீளத்துக்கு ஒரு பிவிசி குழாயை வெட்டி, அதைக் குறுக்கே பிடிச்சுக்கிட்டு வழி முழுக்க நடந்து பார்ப்பீங்க. குழாய் போனா சாமானும் போகும்ன்னு சொல்வீங்க. அந்தச் சின்ன வண்டிக்கும் ஒண்ணு வெட்டி, போஸ்ட் கிட்ட ரெண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் இருந்ததை முதல் நாளே பார்த்து வச்சிருந்தீங்க. இப்போ என்னைப் பார்த்து, அகலம் சொல்லுடான்னீங்க.

நான் புத்தகத்துல இருந்த நம்பரைச் சொன்னேன். கண்ணாடியைச் சொல்லலை. மறந்து போகலை அத்தான், சொல்லக் கூடாதுன்னே சொல்லலை. சொன்னா அந்தச் சின்ன வண்டிதான் வரும்ன்னு தெரியும். பெரிய வண்டியில ஊருக்குப் போய் இறங்கணும், நாலு பேர் திரும்பிப் பார்க்கணும். அந்த ஆசைதான். இக்கா மதில்ல ரெண்டு கல்லை எடுத்துத் தருவார், இல்லைன்னா போஸ்ட்டை மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், அப்புறம் பார்த்துக்கலாம்ன்னு எனக்கு நானே பூசி மெழுகிக்கிட்டேன். கல்லும் மண்ணும் கலந்து மிளகு எடை காட்டறவனைக் கையும் களவுமாப் பிடிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

மறுநாள் காலையில நீங்க குழாயைக் குறுக்கே பிடிச்சுக்கிட்டு மெயின் ரோட்டுல இருந்து நடந்து வந்தீங்க. சந்து முழுக்க வேடிக்கை. பந்தல் போடறீங்களா, மீனுக்குக் கல்யாணமான்னு ஹம்சா இக்கா கிண்டல் பண்ணினார். போஸ்ட் கிட்ட வந்தீங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் மிச்சம். "போகும்டா"ன்னு சொல்லி என் தோள்ல தட்டினீங்க. என்னைவிட உங்களுக்குத்தான் அன்னைக்கு சந்தோஷம்.

வண்டி வந்த அன்னைக்கு என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பின்னாலேயே ஏழு பேரும் நடந்து வர, போஸ்ட் கிட்ட முட்டிக்கிட்டு நின்னது. கண்ணாடியை மடக்கினோம். அப்பவும் நுழையலை. புத்தகத்துலயே தப்பா அச்சடிச்சு ஏமாத்திட்டான்னு நான் குதிச்சேன். நீங்க அதையும் நம்பினீங்க. போகட்டும் விடுடா, நாலு எட்டு நடந்தா உடம்புக்கு நல்லதுதானேன்னு என்னைச் சமாதானப்படுத்தினீங்க. இக்கா மதில் அவர் தம்பியோட வழக்குல கிடந்தது, ஒரு கல்லைக்கூடத் தொட முடியலை. அன்னையில இருந்து வண்டி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய கோடவுன் முற்றத்துல நின்னது. மேல காக்கா எச்சம், உள்ளே எலி. பழனிக்கு ஒரு தரம் ஏழு பேரும் போனோம், அது ஒண்ணுதான் அதுல நாம அனுபவிச்சது.

அப்புறம் அந்தக் காலை. விடிஞ்சதுல இருந்து மழை. நீங்க குளிச்சுட்டு வந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. அக்கா அது வாயுன்னு நினைச்சு, சீரகம் போட்டுக் காய்ச்சின ஜீரக வெள்ளம் ஒரு டம்ளர் கொடுத்துப் படுக்க வச்சிருக்கா. அரை மணி நேரம் கழிச்சு வேர்வை கொட்டவும்தான் என்னைக் கூப்பிட்டா. ஆம்புலன்ஸ் வர நேரமாகும்ன்னாங்க. மழையில ஒரு ஆட்டோ கிடைக்கலை. நான் வண்டி எடுக்க ஓடினேன். சந்துல தண்ணி எவ்வளவு இருந்தது தெரியுமா? கணுக்கால் அளவு. உங்க சின்ன வண்டி அதுல சாதாரணமாப் போயிருக்கும். வாசல்லயே நின்னிருக்கும்.

கோடவுன் கேட்டுக்குச் சாவி வச்சிருந்தவரைத் தேடிப் பிடிச்சு, வண்டியைச் சந்து முனைக்குக் கொண்டு வந்து நிறுத்தினப்போ நீங்க இன்னும் வந்து சேரலை. இக்காவும் அவர் மகனும் உங்களை பிளாஸ்டிக் நாற்காலியில வச்சுத் தூக்கிக்கிட்டு வழுக்கி வழுக்கி வந்தாங்க. அக்கா பின்னால குடையை உங்களுக்குப் பிடிச்சுக்கிட்டுத் தான் நனைஞ்சுக்கிட்டு வந்தா. எல்லாம் சேர்த்து இருபது நிமிஷத்துக்குக் குறையாது. பாலத்து மேல போறப்போ பின் சீட்டுல அக்கா உங்களைக் கூப்பிடற சத்தம் மாறினது. நான் திரும்பிப் பார்க்கலை.

கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்ன்னு டாக்டர் சொன்னார். அக்கா அதை அப்படியே பிடிச்சுக்கிட்டா. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும், நான்தான் வாயுன்னு சொல்லி அவரைப் படுக்க வச்சேன், நான்தான் கொன்னேன்னு சொல்லி அழுதா. சீரக டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டா. அப்புறம் ஒரு வருஷமா அந்த வீட்டுக்குள்ள சீரகம் நுழையலை. ரசத்துல கூடக் கிடையாது. நான் பக்கத்துல உட்கார்ந்து, அப்படியெல்லாம் சொல்லாதேக்கான்னு தேத்தினேன். தேத்தறதுக்கு மட்டும் எனக்கு நாக்கு வந்தது. அந்த இருபது நிமிஷத்தைப் பத்திச் சொல்ல வரலை. ஒரு வருஷம் அவளை அப்படியே வேக விட்டேன், அத்தான். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு இப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

போன மாசம் அக்காதான் வண்டியை வித்துடலாம்ன்னா. இடக்கொச்சியில இருந்து ஒருத்தர் பார்க்க வந்தார். படகு வேலை பார்க்கறவர், வீட்டுல நடக்க முடியாத அம்மா இருக்காங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போக வர வேணும்ன்னு தேடறார். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார், பிடிச்சுப் போச்சு. உங்க வீட்டு வாசல்ல உட்கார்ந்து சாயா குடிச்சுக்கிட்டே, எங்க வழி கொஞ்சம் சின்னது, வண்டி அகலம் எவ்வளவுன்னு கேட்டார்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா எழுந்து உள்ளே போனா. கட்டிலுக்கு அடியில இருந்து உங்க குழாயை எடுத்துக்கிட்டு வந்தா. அதைத் துணி சுத்தி வச்சிருக்கா. தூசியைத் துடைச்சு அவர் கையில கொடுத்து, எங்க வீட்டுக்காரர் இந்த வண்டிக்குன்னே வெட்டினது, இதைக் கொண்டு போய் உங்க வழியில பிடிச்சுப் பாருங்க, போனா வண்டியும் போகும்ன்னா. உங்க வார்த்தை அப்படியே. நம்ம சந்துல போஸ்ட் இடிச்சதே, அப்போ இந்த அளவு எப்படிச் சரின்னு அவ யோசிக்கவே இல்லை. உங்க கை வெட்டினது தப்பாகும்ன்னு அவளுக்குத் தோணவே தோணாது.

அந்த ஆள் குழாயைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு எழுந்தார். அவர் அம்மாவை நினைச்சேன். நாற்காலியை நினைச்சேன்.

"அது சரியான அளவு இல்லை. கண்ணாடி சேர்க்காதது. வாங்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்"ன்னு சொன்னேன்.

அவர் ஒண்ணும் புரியாம எங்க ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் குழாயைச் சுவர்ல சாய்ச்சு வச்சுட்டு, விளிக்காம் சேட்டா, போன் பண்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பினார். அக்கா நின்ன இடத்துலயே நின்னா. அவருக்குத் தெரியுமான்னு உங்களைப் பத்திக் கேட்டா. இல்லை, சொல்லலைன்னேன். அவ அழலை, கத்தலை. அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

"நானாவது தெரியாம செஞ்சேன்டா"ன்னு சொன்னா.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினவதான். ஒன்பது நாள் ஆச்சு, என்கிட்ட ஒரு பேச்சு இல்லை. மீனு மட்டும் வந்து சொல்லிட்டுப் போனா: மாமா, அம்மா உங்களைத் திதிக்கு வர வேண்டாம்ன்னு சொல்லலை, வாங்கன்னும் சொல்லலைன்னு. அந்தப் பொண்ணு என் கண்ணைப் பார்த்துப் பேசலை.

நேத்து காலையில வேலைக்குப் போறப்போ உங்க வீட்டு ஜன்னலைத் தாண்டினேன். சீரகம் கொதிக்கற வாசனை. நான் ஏமாறலை, நல்லா மோந்து பார்த்துட்டுத்தான் சொல்றேன். அடுப்புக்கு முன்னால அக்கா முதுகு தெரிஞ்சது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஜீரக வெள்ளம் காய்ச்சறா. சந்துல நின்னு அழுதேன், இக்கா பார்த்துட்டு உள்ளே போயிட்டார்.

அதனால உங்களுக்கு வாக்கு கொடுக்கறேன். வண்டியை யார் பார்க்க வந்தாலும், கண்ணாடி ரெண்டையும் விரிச்சு வச்ச அளவுக்கு நானே ஒரு குழாய் வெட்டிக் கையில கொடுப்பேன். அந்த இடக்கொச்சிக்காரருக்கு ஒண்ணு ஏற்கனவே கொண்டு போய்க் கொடுத்தாச்சு. அவர் வழியில போகலையாம், சின்னதாப் பார்த்து வாங்கறேன்னார். ஆலுவா ஆத்து மணல்ல உங்களுக்குப் பிண்டம் வைக்கற அன்னைக்கு நான் வருவேன், தள்ளியே நிப்பேன். அக்காகிட்ட மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன், அத்தான். அவ என்னை மன்னிச்சுட்டா, மறுபடியும் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டு அந்த டம்ளரைத்தான் நினைச்சு அழ ஆரம்பிப்பா. அவ என்கிட்டப் பேச வேண்டாம். அடுப்புல அது கொதிச்சா போதும்.

அளவை மறைச்ச உங்க மச்சினன்,
அவ கூடப் பிறந்த தம்பி